படியெடுத்தலும் சுட்டுதலும்

பழைய மாணவர் கூட்டத்தின்பொருட்டு நம் கலாசாலைக்கு வந்திருந்தபொழுது, எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஐயா அவர்களை நூல்நிலையத்தின் வாயிற்படியிற் கண்டு வணங்கினேன். ஆண்டு எண்பதைக் கடந்தும் குரலின் மிடுக்குக் குறையாத அப்பெரியார், "தம்பி, இப்பொழுது என்ன அலுவல் பார்க்கிறாய்?" என்று வினவினார். "லைப்ரரிகளை ஒழுங்குபடுத்தும் வேலை, ஐயா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லது, நல்லது, எந்த ஊர் நூல்நிலையம்?" என்றார். யான் என் செய்வேன்! கால்மணி நேரம் நின்றபடியே விளக்க முயன்று குழறினேன். அவர் பொறுமையுடன் கேட்டிருந்து, "நீ சொன்னதிற் பாதி விளங்கிற்று; மறுபாதியை நம் சஞ்சிகைக்கு எழுதி அனுப்பு, படித்துத் தெரிந்துகொள்கிறேன்" என்று கட்டளையிட்டார். அக்கட்டளையின் பயனே இவ்வியாசம். மென்பொருள் தொழிலில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்கள் இதனுட் புதுமை காணமாட்டார்கள். ஆயினும் என்னைப்போலத் தவறியோர் அவர்களுள் ஒருவரிருவரேனும் இருப்பர் என்னுந் துணிவு எனக்குண்டு.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். நிரல்கள் பலவற்றிற்கும் அடிக்கடி வேண்டப்படும் ஒரு காரியத்தை, வட்டி கணக்கிடுதல், நாள் எண்ணுதல், எண்களை எழுத்தால் எழுதுதல் போன்றதொன்றை, ஒருமுறை செவ்வையாக எழுதிச் சோதித்துப் பொதுவில் வைத்தால் அதற்கு லைப்ரரி என்று பெயர். இப்பெயர் வந்த வரலாறு சுவையுடையது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாரிஸ் வில்க்ஸ் என்பார் தலைமையில் அமைக்கப்பெற்ற எட்சாக் என்னும் கணிப்பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி தன் முதல் நிரலை நிறைவேற்றிற்று. அக்காலத்தில் நிரல் என்பது துளையிட்ட காகித நாடா. பலர்க்கும் பயன்படும் சிறு நிரல்களின் நாடாக்களை அங்கே ஓர் இரும்பு அலமாரியில் இலக்கமிட்டு அடுக்கிவைத்திருந்தனர். கணக்கிட வருவோர் வேண்டும் நாடாவை எடுத்து, அதன் துளைகளை இயந்திரத்தின் துணையால் தம் நாடாவிற் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அலமாரியிலேயே திரும்ப வைப்பர். வில்க்ஸும் டேவிட் வீலரும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து 1951-இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகுக்கு அறிவித்தது. ஆகவே அலமாரியும் அடுக்கும் இலக்கமும் உடைய மெய்யான நூல்நிலையமாகவே அது தொடங்கிற்று. ஐயா அவர்கள் கேட்ட கேள்வி முற்றும் பிழையன்று.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் நூல்நிலையத்தில் எடுத்த புத்தகத்தை இரண்டு வாரத்திற்குள் திருப்பித் தராவிடின் தண்டம் விதிப்பர். அந்த நாடாவிலோ, எடுத்தவர் படியை எடுத்துச் சென்றுவிட்டார். மூலத்தில் நாளை ஒரு பிழை கண்டு திருத்தினால், சென்ற படிகளை யார் திருத்துவது? அவை எங்கெங்கே உள்ளன என்பதுதான் யாருக்குத் தெரியும்? என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி இவ்விரு கேள்விகளோடு மல்லாடியே கழிந்தது.

சிறியதொரு மென்பொருள் நிறுவனத்திற்கூடப் பத்துப் பன்னிரண்டு ப்ராஜெக்டுகள் ஒரே காலத்தில் நடைபெறும். ப்ராஜெக்ட் என்பது ஒரு வாடிக்கைக்காரரின் பொருட்டு எழுதப்படும் கோப்புகளின் தொகுதி. அது ஒரு லைப்ரரியை எடுத்தாளும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. லைப்ரரியை அப்படியே தன்னுள் நகலெடுத்து வைத்துக்கொள்ளுதல் ஒன்று. "இன்ன லைப்ரரி இன்ன இடத்தில் உள்ளது; வேண்டுங்கால் அங்கிருந்து கொள்க" என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. அவ்வரியையே ரெஃபரன்ஸ் என்பர். சுட்டு என்றாலும் இழுக்கில்லை. படியெடுத்தலா, சுட்டுதலா என்பது கேட்பார்க்கு அற்பமான விஷயமாய்த் தோன்றும். எனக்கும் ஒருகாலத்தில் அவ்வாறே தோன்றிற்று.

2009-ஆம் ஆண்டு யான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் அமர்ந்தேன். கடன் கொடுக்கும் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது அதன் தொழில். அங்கே மூத்தவராயிருந்த ஓர் அம்மையார் வட்டிக் கணக்கிற்கென ஒரு லைப்ரரி எழுதிவைத்திருந்தார். எனக்கு ஒரு சங்கத்தின் ப்ராஜெக்டை ஒப்படைத்து இரண்டு வாரத் தவணை கொடுத்தனர். யான் அவ்வம்மையாரின் லைப்ரரியைச் சுட்டாமல், கோப்புகளை முழுதும் என் ப்ராஜெக்டிற் படியெடுத்து வைத்துக்கொண்டேன். சுட்டினால் அவர் என்றேனும் ஒன்றை மாற்றும்பொழுது என் வேலை கெடும் என்று அஞ்சினேன். இவ்வச்சம் முற்றும் நியாயமற்றதன்று என்பதைப் பின்னர்க் காண்பீர்கள். மேலும் அச்சங்கத்தார் பைசாவை முழு ரூபாயாக்க வேண்டுமென்று கேட்டதால், அந்தப் படியில் ஓரிடத்தைத் திருத்தியும் கொண்டேன். திருத்தியபின் கோப்பின் பெயரையும் மாற்றினேன். வேலை தவணைக்குள் முடிந்தது, பாராட்டுங் கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2013-இல் அம்மென்பொருளிற் சில புதிய அறிக்கைகளை அமைத்துத் தரும்பொருட்டுத் திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்த அச்சங்கத்தின் கிளைக்குச் சென்றிருந்தேன். பிற்பகலில் மகளிர் குழுவொன்றின் கணக்கை எழுதிவரும் பெண்மணி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. கிளை அலுவலர், "கம்ப்யூட்டர்க்காரரே வந்திருக்கிறார், அவரிடமே கேளுங்கள்" என்று என்னைக் காட்டிவிட்டார். அந்த அம்மையார் பேசியதை அவர் பேசியபடியே எழுதுகின்றேன். "தம்பி, பணம் கட்டின நாளுக்கு ரெண்டு தடவை வட்டி போட்டிருக்கீங்க. இந்த மாசக் கணக்கு முடியுற நாளும் அதுதான், அடுத்த மாசக் கணக்கு தொடங்குற நாளும் அதுதான். ஒரு நாளை எப்படி ரெண்டு நாளா எண்ணுவீங்க?"

"அம்மா, இது மெஷின் போட்ட கணக்கு, பிழை வராது" என்றேன். அவர் வாதாடவில்லை. நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். 12,000 ரூபாய்க் கடன்; நூற்றுக்கு 18 வட்டி; மாதம் 1,000 ரூபாய் முதல் கழியவேண்டும். நாள்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடிட்டு எண்ணியிருந்தார். ஒரு நாள் வட்டி முதல் மாதத்தில் 5 ரூபாய் 92 பைசா. முதல் குறையக் குறைய அதுவுங் குறைந்து, பன்னிரண்டு தவணைக்கும் மிகையாக வாங்கியது 38 ரூபாய்ச் சில்லறை என்று கடைசிப் பக்கத்தில் முடித்திருந்தார். யான் என் மடிக்கணினியைத் திறந்து நிரலைப் பார்த்தேன். கடன் பெற்ற நாள், செலுத்திய நாள் என்னும் இரண்டு எல்லையையும் சேர்த்து எண்ணுமாறு அது எழுதப்பட்டிருந்தது. அவர் எண்ணியதே சரி. அந்த ஒரு குழுவில் மட்டும் அவரைப்போலக் கடன் பெற்றவர் பதினைந்து பேர். அச்சங்கத்தின் கிளைகளிலோ ஆயிரக்கணக்கான கணக்குகள். 38 ரூபாய் சிறு தொகைதான். ஆயினும் அதைத் தந்தவர்கள் அதனைச் சிறு தொகையென்று சொல்லும் நிலையில் இல்லை.

அன்றிரவு விடுதி அறையிலிருந்து எங்கள் நிறுவனத்தின் மூலக் கோப்புகளின் பழைய வரலாற்றைத் தேடினேன். அப்பொழுது கண்டதுதான் என்னை மிகவும் வருத்திற்று. லைப்ரரியை எழுதிய அம்மையார் அப்பிழையை 2011-ஆம் ஆண்டிலேயே கண்டு திருத்தியிருந்தார். "எல்லை நாள் இருமுறை எண்ணப்படுவது நீக்கப்பட்டது" என்னும் பொருள்பட ஒற்றை வரிக் குறிப்பும் எழுதியிருந்தார். அவரைச் சுட்டியிருந்த ப்ராஜெக்டுகளுக்கு அத்திருத்தம் அடுத்த வெளியீட்டிலேயே சென்று சேர்ந்துவிட்டது. படியெடுத்த எனக்கு வந்து சேரவில்லை. என்னிடம் ஒரு படி உண்டு என்பதை அவர் அறிய வழியே இல்லை. பெயரைக்கூட மாற்றிவைத்திருந்தேன் அல்லவா? இரண்டு ஆண்டுகள், திருத்தம் ஓர் அறையிலும் பிழை மற்றோர் அறையிலுமாக இருந்தன.

ஊர் திரும்பியவுடன் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். சங்கத்தார் மிகையாக வாங்கியதை அவரவர் கணக்கில் வரவு வைத்தனர். அந்த மட்டில் நேர்மையானவர்கள். பின்னர் எங்கள் நிறுவனத்தில் அந்த லைப்ரரிக்கு எத்தனை படிகள் உண்டென்று தேடும் வேலை எனக்கே வந்தது. பெயரால் தேடிப் பயனில்லை. உள்ளிருக்கும் வரிகளால் தேடவேண்டியிருந்தது. ஏழு படிகள் அகப்பட்டன. இரண்டில் திருத்தம் இருந்தது. நான்கில் இல்லை. ஏழாவதுதான் விந்தையானது. அதனை வைத்திருந்தவர் பிழையைத் தாமே உணர்ந்து, ஆனால் லைப்ரரியைத் தொடாமல், அதிலிருந்து வரும் விடையில் வெளியே ஒருநாளைக் கழித்துக்கொண்டிருந்தார். அங்கே சென்று லைப்ரரியைத் திருத்தியிருந்தால் ஒருநாள் குறைந்து போயிருக்கும்! டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்ததை ஐயா அவர்கள் வகுப்பில் எடுத்துரைத்தபொழுது, பாடபேதம் என்பது பழம்புலவர்க்கே உரிய தொல்லை என்று எண்ணியிருந்தேன். ஏழு கோப்புகளைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்ட அந்த வாரத்தில் அவ்வெண்ணம் நீங்கிற்று.

நிற்க. படியெடுத்தலின் தீமையைக் கண்டவன் சுட்டுதலின்பால் அளவிறந்த பற்றுக்கொள்ளுதல் இயல்பே. யானும் அவ்வாறே கொண்டேன். அலுவலகச் சர்வரில் எல்லார்க்கும் பொதுவானதொரு ஃபோல்டரை அமைத்து, எல்லா லைப்ரரிகளின் டி.எல்.எல். கோப்புகளையும் அதில் வைத்து, பன்னிரண்டு ப்ராஜெக்டுகளும் அந்த ஓரிடத்தையே சுட்டுமாறு செய்தேன். ஓரிடத்தில் திருத்தினால் எங்குந் திருந்தும்! இதைவிட எளிதும் அழகும் ஆனது வேறில்லையென்று அப்பொழுது பெருமிதங்கொண்டேன்.

சிறு இடர்கள் முதலிலேயே தோன்றின. யாம் பயன்படுத்திய விஷுவல் ஸ்டூடியோவில் ஒரு கோப்பைச் சுட்டினால், அது இருக்கும் பாதை ப்ராஜெக்ட் கோப்பில் எழுதப்படும். ஒருவர் தம் கணினியின் டி டிரைவிலுள்ள ஃபோல்டரைச் சுட்டிவிட்டால், அப்படி ஓர் இடமே இல்லாத மற்றொருவர் கணினியில் வேலை நின்றுபோம். நின்றுபோனாலும் நன்றே, அப்பாதை வெறுங் குறிப்பாகவே கொள்ளப்படுவதால், அங்கே கிட்டாதபொழுது வேறு சில இடங்களிலும் அது தேடும். அங்கே அதே பெயருடைய பழைய கோப்பொன்று கிடந்தால் சத்தமின்றி அதனை எடுத்துக்கொள்ளும். யார் கணினியில் எது சென்றது என்று காண ஒரு பிற்பகல் போய்விடும். "என் மெஷினில் சரியாக ஓடுகிறதே" என்னும் வாசகம் எங்கள் தொழிலில் ஒரு பழமொழியாகிவிட்டது.

பேரிடர் 2014 மார்ச் 31-ஆம் தேதி வந்தது. கணக்காண்டு முடியும் நாள் அது. சங்கங்கள் யாவும் அன்றிரவு ஆண்டுக் கணக்கை முடிக்கும். அன்று மாலை, வேலையில் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஓர் இளம் பெண், தமக்கிட்ட பணியை முடித்து, வட்டி லைப்ரரியின் புதிய வெர்ஷனைப் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு வீடு சென்றார். ஒரு வாடிக்கைக்காரருக்காக, அதிலிருந்த ஒரு செயற்கூற்றிற்கு மற்றுமோர் உள்ளீடு வேண்டுமென்று மாற்றியிருந்தார். அவர் ப்ராஜெக்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் வேறொரு சங்கத்தின் ப்ராஜெக்டுக்கு அன்றிரவு அவசரத் திருத்தமொன்று அனுப்பப்பட்டது. அதனுடன் இப்புதிய கோப்புஞ் சென்றது. அங்கே பழைய லைப்ரரியை நம்பித் தொகுக்கப்பட்ட மற்றொரு டி.எல்.எல். இருந்தது. அது பழைய வடிவில் அழைக்க, அவ்வடிவு இல்லையென்று நிரல் நின்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்கு ஒன்பது கிளைகளில் கணக்கு முடிக்க இயலாமல் அலுவலர்கள் விழித்திருந்தனர்.

மறுநாட் கூட்டத்தில் அப்பெண்ணைக் கடிந்தனர். "பிறர் பயன்படுத்தும் பொருளைக் கேளாமல் மாற்றலாமா?" என்று கேட்டனர். யார் யார் பயன்படுத்துகின்றனர் என்பதை அறிய அவர்க்கு என்ன வழியிருந்தது? கேட்பதாயின் யாரைக் கேட்பது? அந்த ஃபோல்டரை அமைத்தவன் யான்; ஒருவர் கைவைத்தால் பன்னிரண்டு ப்ராஜெக்டும் அசையுமாறு கட்டியவன் யான். கூட்டத்தில் யான் வாய் திறக்கவில்லை. மாலையில் மேலாளரைத் தனியே கண்டு, குற்றம் அமைப்பினுடையது, அப்பெண்ணுடையதன்று என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பலரறியக் கடிந்ததைத் தனியறையில் ஒப்புக்கொண்டு என் பயன்? இதை எழுதும்பொழுதும் அது எனக்கு நாணம் தருகின்றது.

எங்கள் துன்பம் புதியதன்று. விண்டோஸ் கணினிகளில் பல நிரல்களும் பொது டி.எல்.எல். கோப்புகளை ஓரிடத்திலிருந்து எடுத்துக்கொண்ட காலத்தில், ஒன்றை நிறுவும்பொழுது அது தன் வெர்ஷனை அங்கே வைக்க, முன்பிருந்த மற்றொன்று செயலற்றுப் போதல் அடிக்கடி நிகழ்ந்தது. அதற்கு டி.எல்.எல். நரகம் என்றே பெயர் வழங்கிற்று. 2002-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டாட்நெட், ஒரே லைப்ரரியின் பல வெர்ஷன்கள் அருகருகே இருக்க இடமளித்தது. அப்படியிருக்க யான் என் கையாலேயே அலுவலகத்தினுள் ஒரு சிறு நரகத்தை மீண்டுங் கட்டியிருக்கிறேன்.

இனி, நாங்கள் கரையேறிய வழியைக் கூறுவன். பொது ஃபோல்டரின் குறை, அங்கே சுட்டப்படுவது ஒரு பெயர் மட்டுமே என்பது. இன்று அப்பெயருக்குரிய பொருள் ஒன்று, நாளை மற்றொன்று. புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லாது, எத்தனையாம் பதிப்பு என்பதையுஞ் சேர்த்துச் சொல்லவேண்டும். வெளிவந்த பதிப்பில் ஓரெழுத்தும் பின்னர் மாற்றலாகாது. திருத்தம் வேண்டின் புதிய பதிப்பாகவே வெளியிடவேண்டும். அச்சுத் தொழிலார்க்கு நெடுங்காலமாகத் தெரிந்த இவ்வுண்மை எங்கட்குச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது. டாட்நெட் உலகில் இதற்கென அமைந்த கருவி 2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நூபேக் என்னும் பெயரோடு வெளிவந்து, விரைவில் நியூகெட் என்று பெயர் மாறிற்று. ஜாவா எழுதுவோர்க்கு மேவன் என்பது அதற்கு முன்னரே உண்டு. லைப்ரரியைப் பேக்கேஜ் என்னும் பொதியாகக் கட்டி, இலக்கமிட்டு, அலுவலகத்திலேயே ஒரு சர்வரில் வரிசையாக வைத்தோம். ப்ராஜெக்ட் கோப்பில் பாதைக்குப் பதிலாகப் பெயரும் இலக்கமும் இருந்தன.

இலக்கமிடுதற்கும் ஒரு முறையுண்டு. டாம் பிரெஸ்டன்-வெர்னர் என்பார் வகுத்த அம்முறையில் வெர்ஷனுக்கு மூன்று எண்கள். பிழை மட்டுந் திருந்தினால் கடைசி எண் ஏறும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்ந்தால் நடு எண் ஏறும். பழைய வடிவில் அழைப்போர்க்கு இடையூறு நேருமாயின் முதலெண் ஏறவேண்டும். 2014 மார்ச்சில் இம்முறை எங்களிடம் இருந்திருந்தால், அப்பெண் முதலெண்ணை ஏற்றிப் புதிய பொதியை வைத்திருப்பார். மற்றைப் பதினொரு ப்ராஜெக்டும் தத்தம் பழைய எண்ணோடு உறங்கியிருக்கும். முதலெண்ணை ஏற்ற மனமின்றிக் கடைசி எண்ணை மட்டும் ஏற்றிவிட்டுப் பெரிய மாற்றத்தை உள்ளே ஒளித்துவைப்போரும் உளர். அந்த மூன்று எண்களும் எழுதுபவர் கொடுக்கும் வாக்கே தவிரப் பூட்டு அல்ல.

இம்முறையிலும் இடுக்கண் இல்லாமலில்லை. ஒரு ப்ராஜெக்ட் இரண்டு லைப்ரரிகளை வேண்ட, அவ்விரண்டும் மூன்றாவது ஒன்றன் வெவ்வேறு வெர்ஷன்களை வேண்டினால் எதைக் கொள்வது? கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அத்தேர்வு பொருந்துமா என்பதைச் சோதனை செய்தே அறியவேண்டும். இதில் எத்தனையோ நாள்களை இழந்திருக்கிறேன். விவரித்தால் சஞ்சிகை ஆசிரியர் பக்கம் போதாதென்பார்.

அலமாரி பிறர் வீட்டிலிருந்தால் வரும் இடர் வேறு. 2016-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி, என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து ஒருவர், பெயர் பற்றிய ஒரு பிணக்கால், தாம் எழுதிய பேக்கேஜ்கள் யாவற்றையும் நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று லெஃப்ட்-பேட் என்பது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தாலோ வேறு குறியாலோ நிரப்பும் பதினொரு வரி நிரல். அதை நேரே சுட்டியவர் சிலரே. ஆனால் அவர்களைப் பிறர் சுட்ட, அப்பிறரை மற்றும் பலர் சுட்ட, உலகெங்கும் எண்ணிறந்த ப்ராஜெக்டுகளின் பில்ட் நின்றுவிட்டது. சில மணி நேரத்தில் களஞ்சியத்தார் அதனை மீட்டு வைத்தனர். அன்றுமுதல் நாங்கள், வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எங்கள் சர்வரில் ஒரு படி வைத்துக்கொள்ளலானோம். ஆம், படிதான்! ஆனால் பெயரும் இலக்கமும் மாறாத படி. யார் எடுத்தார் என்று பதிவுள்ள படி.

இலக்கத்தோடு சுட்டியபின் எங்களிற் பலர்க்கு மற்றொரு நோய் பிடித்தது. ஒருமுறை எழுதிய எண்ணை மாற்றவே அஞ்சினர். மூன்றாண்டுக்கு முந்திய வெர்ஷனோடு ப்ராஜெக்டுகள் ஓடின. அப்படியாயின் 2009-இல் யான் செய்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? எப்பொழுதும் மிகப் புதியதையே தானாக எடுத்துக்கொள்ளுமாறு எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறியிடலாம் என்றனர் சிலர்; அது பொது ஃபோல்டரே வேறு வேடத்தில் வருவது என்று மறுத்துவிட்டேன். முடிவில், கடிந்துகொள்ளப்பட்டாரே அந்தப் பெண், அவரே ஒரு வழி கண்டார். எந்த ப்ராஜெக்ட் எந்த லைப்ரரியின் எந்த எண்ணைச் சுட்டுகிறது என்பதை, அந்த லைப்ரரிகள் தம்முள் சுட்டுவனவற்றோடு சேர்த்து, ஒவ்வோர் இரவும் தானே திரட்டி ஒரு பட்டியலாக எழுதும் சிறு நிரலொன்றை அமைத்தார். மாதம் ஒருமுறை அப்பட்டியலோடு உட்கார்ந்து, பின்தங்கியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து ஏற்றுவோம். ஒரே தொகுதியிலுள்ள ப்ராஜெக்டுகளின் எண்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதி நியூகெட்டிலேயே 2022-இல் வந்தது. பட்டியல் எங்களுக்கு அதற்குமுன்பே பழகிவிட்டது.

அப்பட்டியலின் அருமை 2021 டிசம்பரில் தெரிந்தது. அம்மாதம் 9-ஆம் தேதி, அப்பாச்சி அமைப்பின் லாக்4ஜே என்னும் ஜாவா லைப்ரரியில் பெருங் குறையொன்று வெளிப்பட்டது. நிரலில் நிகழ்வனவற்றைக் குறிப்பெழுதி வைப்பது அதன் தொழில். எழுதப்படும் வாசகத்தில் ஒருவகைக் குறியீடு இருந்தால், அது சுட்டும் வெளி சர்வரை நாடி, அங்கிருந்து வரும் நிரலைத் தன்னுள்ளேயே இயக்கிவிடும். ஆகவே வலைப்பக்கத்தின் ஒரு கட்டத்தில் எவனோ தட்டச்சிடும் ஒரு வரி போதும், கணினி அவன் கைவசமாகும். அக்குறையின் கடுமைக்குப் பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டனர். திருத்திய வெர்ஷன் உடனே வந்தது. அதிலுங் குறை கண்டு அம்மாதத்திற்குள்ளேயே மேலும் சில வந்தன. உலகெங்கும் அலுவலகங்களில் எழுந்த முதற் கேள்வி, எப்படித் திருத்துவது என்பதன்று. அது நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது என்பதே.

எங்களுக்கு அக்கேள்விக்கு அரைமணியில் விடை கிடைத்தது. இப்பொழுது குழுவின் தலைவராயிருக்கும் அப்பெண் பட்டியலைத் திறந்து, நான்கு ப்ராஜெக்டுகளின் பெயரைப் படித்தார். இரவுக்குள் நான்கிலும் எண்ணை ஏற்றிச் சோதித்து அனுப்பினோம். வீட்டுக்குப் புறப்படும் வேளையில் அவர் என்னை நோக்கி, "சார், கையால் காப்பி பண்ணி வைத்தது ஏதாவது இருந்தால் இந்த லிஸ்டில் வராது. உங்கள் பழைய ப்ராஜெக்டில் அப்படி ஒன்றும் இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னர் மீண்டும் உட்கார்ந்து, ஜாவா பொதிகள் ஒவ்வொன்றையும் அவிழ்த்து உள்ளிருக்கும் கோப்புகளைத் தேடுமாறு சர்வருக்குக் கட்டளையிட்டேன். இரவு ஒன்றரை மணிக்கு ஒன்று அகப்பட்டது. ரசீது அச்சிடுவதற்காக 2016-இல் அவசரமாக எழுதிய சிறு கருவி. அதன் பொதிக்குள் லாக்4ஜேயும் கலந்து கட்டப்பட்டிருந்தது. மேவனில் எழுதிச் சுட்ட அரைநாள் ஆகுமென்று கோப்பையே எடுத்து உள்ளே போட்டிருக்கிறார்கள். கோப்பின் பெயர் மாற்றப்பட்டிருந்தது. பெயரின் கடைசியில் என் தலைப்பெழுத்துகள் இரண்டும் இருந்தன. அவர் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் ஒன்றுஞ் சொல்லாமல், பட்டியலின் அடியில் அக்கருவியின் பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தார்.